கையால் வரைந்த பழைய குவின் படம்: அளவை, தேதி, எல்லை எப்படிப் படிப்பது?

ஆற்றங்கரை (தொங்வா):
எல்லோருக்கும் வணக்கம். கோயில் நிலப் பெட்டியில் இருந்த ஒரு குவின் படத்தை, அதாவது பர்மாவில் ஒரு வயல்தொகுதிக்குப் போட்ட நிலஅளவைப் படத்தை, படிக்க உதவி வேண்டும். படம் பிடித்துப் போடுவதற்கு முன் விவரத்தை எழுதிவிடுகிறேன்.

தாள் துணி மாதிரி இருக்கிறது. ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் மங்கல். அகலம் சுமார் 22 அங்குலம், உயரம் 18. தலைப்பில் பர்மிய எழுத்தில் குவின் பெயரும் எண்ணும், அதன் கீழ் 16 அங்குலம் ஒரு மைல் என்று ஆங்கிலத்தில். அடியில் 5 அங்குல அளவுகோல் கோடு. படம் முழுக்க 5 அங்குலத்துக்கு ஒன்றாகச் சின்னச் சின்னக் கூட்டல் குறிகள். வலது மூலையில் பர்மிய எண்ணில் 1279. வரப்பெல்லாம் கறுப்பு மை. 47ஆம் ஊபைங்கின் (குவினுக்குள் எண்ணிட்ட நிலத்துண்டின்) நடுவே மட்டும் ஒரு சிவப்புக் கோடு போகிறது. அதே இடத்தில் பென்சிலில் தமிழ் எழுத்து: "பிங்கள வருஷம் ௪௰௭ கூ ௱௫௰".

கோயில் பதிவேட்டில் இந்த 47க்கு 12.36 ஏக்கர். படத்தில் அளந்தால் 12.06தான் வருகிறது. 30 சென்ட் எங்கே போயிற்று? கிழக்கு எல்லை ஓடை என்று படம் சொல்கிறது. இன்றைய செயற்கைக்கோள் படத்தில் ஓடை அந்த இடத்தில் இல்லை. சிவப்புக் கோடு எதற்கு என்றும் புரியவில்லை.

சங்கிலிக்கை (பெகு):
முதலில் கணக்கு. 16 அங்குலம் ஒரு மைல் என்றால் படத்தின் ஒரு அங்குலம் தரையில் 330 அடி, அதாவது 5 சங்கிலி. சங்கிலி 66 அடி, 100 இணுக்கு. பத்து சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். அப்படியானால் படத்தில் ஒரு சதுர அங்குலம் 25 சதுரச் சங்கிலி, இரண்டரை ஏக்கர். ஒரு சதுர மைல் நிலம், 640 ஏக்கர், 16க்கு 16 அங்குலத் தாளில் அடங்கிவிடும். ஒரு குவினை ஒரே தாளில் வைத்து வேலை செய்ய இந்த அளவை தோதாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

மில்லிமீட்டரில் அளப்பவர்களுக்கு விகிதம் 1க்கு 3960. ஒரு மில்லிமீட்டர் தரையில் 3.96 மீட்டர்.

பரப்பு அளக்க அடிக்கோல் வேண்டாம். கோணலான வயலை முக்கோணம் முக்கோணமாக வெட்டினால் ஒவ்வொரு உயரத்திலும் பிழை சேரும். கண்ணாடித்தாளில் அங்குலத்தைப் பத்தாகப் பிரித்த சதுரக் கட்டம் அச்சடித்து மேலே வையுங்கள். ஒரு சின்னக் கட்டம் சரியாக இரண்டரை சென்ட். முழுக் கட்டங்களை எண்ணுங்கள். வரப்பு வெட்டும் கட்டங்களில் பாதிக்கு மேல் உள்ளே இருப்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள், மற்றதை விடுங்கள். பிறகு கட்டத்தாளைக் கொஞ்சம் திருப்பி வைத்து மறுபடி எண்ணுங்கள். இரண்டு எண்ணிக்கைக்கும் நடுவில் நான்கைந்து கட்டத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாம் முறை எண்ண வேண்டும். அச்சடித்த கட்டம் உண்மையிலேயே அங்குலம்தானா என்று இரும்பு அளவுகோலால் பார்த்த பிறகே இதைத் தொடங்கலாம். அச்சுக் கருவி தாளுக்கு ஏற்றபடி 97 சதவீதமாகச் சுருக்கிவிடும், சொல்லாது.

30 சென்ட் போன இடம் பெரும்பாலும் தாளுக்குள்ளேயே இருக்கும். அடியில் உள்ள 5 அங்குல அளவுகோல் கோட்டை அளந்து சொல்லுங்கள்.

ஆற்றங்கரை:
அளவுகோல் கோடு 4.92 அங்குலம்தான் இருக்கிறது அண்ணே. 12.06 என்பது கட்டத்தாளில் எண்ணியதுதான். இரண்டு தடவையும் அதே எண் வந்தது.

கட்டப்புள்ளி (யங்கோன்):
அப்படியானால் சுருக்கம் 0.984. பரப்புக்கு அதை இருமடி எடுக்க வேண்டும், 0.968. 12.06ஐ அதனால் வகுத்தால் 12.46. இப்போது 10 சென்ட் கூடுதலாக வருகிறதே.

சங்கிலிக்கை:
ஒரு பக்கத்தை மட்டும் அளந்து இருமடி எடுத்ததால்தான். தாளும் துணியும் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் ஒரே மாதிரி சுருங்குவதில்லை. தாளில் நார் ஓடும் திசை, துணியில் பாவும் ஊடும், இரண்டுக்கும் வேறு வேறு இழுப்பு. அளவுகோல் கோடு கிழக்கு மேற்காகக் கிடக்கிறது, அதனால் அது அந்தத் திசைச் சுருக்கத்தை மட்டும் சொல்லும். வடக்கு தெற்காக அடுத்தடுத்த இரண்டு கூட்டல் குறிகளுக்கு நடுவில் அளந்து பாருங்கள். ஒரு இடத்தில் அளந்தால் போதாது. இடது ஓரம், நடு, வலது ஓரம் மூன்றிலும் அளவெடுத்துச் சராசரி போடுங்கள். மடிப்பு விழுந்த இடத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

ஆற்றங்கரை:
வடக்கு தெற்கு: 4.96, 4.96, 4.95. கிழக்கு மேற்கில் கூட்டல் குறிகள்: 4.92, 4.92, 4.93.

சங்கிலிக்கை:
இப்போது போடுங்கள். கிழக்கு மேற்கு 0.984, வடக்கு தெற்கு 0.992. பெருக்கினால் 0.976. 12.06ஐ 0.976ஆல் வகுத்தால் 12.36. பதிவேடும் படமும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. யாரும் நிலத்தைக் குறைத்து எழுதவில்லை.

ஆனாலும் 12.36இல் உள்ள கடைசி ஆறு சென்ட்டைப் பிடித்துக்கொண்டு யாரும் சண்டைக்குப் போகக் கூடாது. காரணத்தையும் கணக்காகவே சொல்கிறேன். மையால் போட்ட வரப்புக் கோட்டின் தடிப்பு கால் மில்லிமீட்டர் என்று வையுங்கள். தரையில் அது ஒரு மீட்டர். 12.36 ஏக்கர் சதுர வயலாக இருந்தால் பக்கம் 224 மீட்டர், சுற்றளவு ஏறக்குறைய 895 மீட்டர். ஒருவர் கோட்டின் நடுவைப் பிடித்து அளக்கிறார், இன்னொருவர் உள்விளிம்பைப் பிடிக்கிறார். அரை மீட்டர் வித்தியாசம், 895 மீட்டர் சுற்றுக்கு. 447 சதுர மீட்டர். பதினொரு சென்ட். படத்தில் இருந்து எடுக்கும் எந்தப் பரப்புக்கும் இந்த அளவு ஐயம் உண்டு, எத்தனை கவனமாக எண்ணினாலும். பதிவேட்டில் இரண்டு தசமம் எழுதியிருப்பது அன்றைய எழுத்து வழக்கம். ஏக்கரில் நூறில் ஒன்று நம் ஊர்ச் சென்ட்தான், 435.6 சதுர அடி. அந்தத் துல்லியம் இந்த அளவைப் படத்தில் கிடையாது.

இந்த ஊர் மனைக் கணக்குக்கு ஒப்பிட வேண்டுமானால், 40க்கு 60 அடி மனை 2400 சதுர அடி, ஐந்தரை சென்ட். ஆக அந்தப் பதினொரு சென்ட் என்பது இரண்டு மனை. மனைத் தகராறுக்குக் குவின் படத்தைத் தூக்கிக்கொண்டு போவது ஏன் வீண் வேலை என்பது இதிலேயே தெரியும்.

மோல்மேன் தமிழச்சி:
தேதிக்கு வருகிறேன். 1279 பர்மிய ஆண்டு. 638 கூட்டினால் 1917. பர்மிய ஆண்டு ஏப்ரல் நடுவில் பிறப்பதால் 1917 ஏப்ரலில் தொடங்கி 1918 ஏப்ரல் வரை. பென்சில்காரர் எழுதிய பிங்கள வருஷமும் அதுவேதான், 1917 சித்திரை முதல் 1918 பங்குனி வரை. அறுபது ஆண்டுச் சுற்றில் பிங்கள 1857இலும் 1977இலும் வரும். 1857இல் இந்த நிலஅளவே கிடையாது, 1977இல் இப்படித் துணியில் படியெடுத்து வைக்க ஆளில்லை. மை போட்டவரும் பென்சில் போட்டவரும் ஒரே ஆண்டுக்காரர்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். இது பெரிய உதவி. பெரும்பாலான படங்களில் பென்சில் எழுத்து இருபது முப்பது ஆண்டு பிந்தியதாக இருக்கும்.

௪௰௭ என்பது நாலு பத்து ஏழு, 47. பழைய தமிழ் எண்முறையில் பத்துக்கும் நூறுக்கும் தனிக்குறி உண்டு. அதனால் ௱௫௰ நூற்றைம்பது. "கூ" என்றது கூடை. நெல்லுக்கு 46 ராத்தல் கூடை. நூற்றைம்பது கூடை என்றால் 6900 ராத்தல், மூன்று டன்னுக்குக் கொஞ்சம் மேல். 12.36 ஏக்கருக்கு ஏக்கர் ஒன்றுக்குப் பன்னிரண்டு கூடை. இது விளைச்சல் கணக்காக இருந்தால் மிகவும் குறைவு. குத்தகை நெல்லாகத்தான் இருக்க வேண்டும்.

இதை வைத்து 1917இலேயே நிலம் கோயிலுக்கோ செட்டியாருக்கோ சொந்தம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள் தம்பி. அந்தக் காலத்தில் தமிழ்க் கணக்குப்பிள்ளை படத்தில் குறிப்பு எழுதியதற்கு அடமானம் போதும். கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930இல் 6 சதவீதம்தான். நெல் விலை விழுந்து கடன் திரும்பாமல் போன பிறகு 1937இல் அது 25 சதவீதம். நிலம் வந்து சேர்ந்த காலம் அது. அதற்கு முந்தைய படங்களில் தமிழ் எழுத்து இருந்தால் பெரும்பாலும் கடன் கட்டோடு போன படி. அடமானப் பத்திரத்தில் குவின் பெயர், குவின் எண், ஊபைங் எண், பரப்பு, நான்கு திசை எல்லை எல்லாம் எழுத வேண்டும். அதற்காகப் படத்தைப் படியெடுத்து வைத்தார்கள்.

பர்மிய எண்களைப் படிக்கும்போது மூன்றையும் நான்கையும் மாற்றிப் படிக்காதீர்கள், ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். ஆறும் ஒன்பதும் மேல்கீழாகத் திரும்பியவை. ஏழு, 'ய' என்று ஒலிக்கும் பர்மிய 'ர' எழுத்தோடு குழம்பும். சுழியம் பர்மிய 'வ' எழுத்தேதான். ஊபைங் எண்கள் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்தில் ஏறுவரிசையாக ஓடும். ஐயமான எண்ணைச் சுற்றியுள்ள நாலைந்து எண்களோடு சேர்த்துப் படித்தால் தெளிந்துவிடும்.

காகிதக்காப்பு (யங்கோன்):
படம் பிடிக்கும் முன் இதைப் படியுங்கள். அவசரம்.

உங்களிடம் இருப்பது படியெடுக்கும் துணி. மெல்லிய பருத்தித் துணியில் கஞ்சி ஏற்றி, உருளையில் அழுத்திப் பளபளப்பாக்கியது. அந்தக் கஞ்சிதான் அதன் உயிர். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் அந்த இடத்தில் கஞ்சி கரைந்து வெளுத்து, துணி சுருங்கி, கோடும் கூடவே இழுபடும். திரும்பச் சரிசெய்ய முடியாது. ஈரத்துணியால் துடைக்க வேண்டாம். மடிப்பைப் போக்க ஆவி காட்ட வேண்டாம். இஸ்திரிப் பெட்டியை அருகில் கொண்டுவர வேண்டாம். வெற்றுத் தாளுக்கு ஈரப்பதம் கொடுத்து விரிக்கும் முறை இணையத்தில் நிறைய இருக்கிறது. அது இதற்குப் பொருந்தாது.

சுருண்டிருந்தால் இரண்டு சுத்தமான வெள்ளைத் தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே பலகை, பலகை மேல் புத்தகம். இரண்டு மூன்று வாரம் அப்படியே கிடக்கட்டும். மழைக்காலத்தில் இந்த வேலையே வேண்டாம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சை வரும், கஞ்சி அதற்கு நல்ல சாப்பாடு. வெள்ளிப்பூச்சிக்கும் அப்படியே.

ஒட்டுநாடா, பிளாஸ்டிக் சூட்டு உறை இரண்டும் கூடாது. கிழிசல் இருந்தால் தொடாமல் விட்டுவிடுங்கள். சுருட்டி வைப்பதானால் நான்கு அங்குலத்துக்குக் குறையாத குழாயின் வெளிப்புறத்தில் சுற்றி, மேலே பருத்தித் துணி சுற்றுங்கள். குழாயின் உள்ளே திணித்தால் எடுக்கும்போது ஓரம் கிழியும்.

பெட்டியில் நீலநிறப் படம் ஏதாவது கூட இருக்கிறதா? வெள்ளைக் கோடு, நீலப் பின்னணி? இருந்தால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள். நீலப்படிக்குக் காரம் ஆகாது. அமிலநீக்கிய தாள் என்று விற்பதில் சுண்ணாம்புச் சத்து சேர்த்திருப்பார்கள், அதில் வைத்தால் நீலம் வெளுக்கும். வெளிச்சமும் அதற்கு எதிரி.

படம் பிடிக்கும்போது துணியின் அடியில் ஒரு வெள்ளைத் தாள் விரியுங்கள், இல்லாவிட்டால் மேசையின் நிறம் ஊடே தெரியும். இரண்டு பக்கத்தையும் பிடியுங்கள். மையும் பென்சிலும் பொதுவாக மங்கலான பக்கத்தில் இருக்கும், ஆனால் நிறப் பூச்சு சில சமயம் மறுபக்கத்தில் இருக்கும், இந்தப் பக்கத்தில் நிறம் வழியக் கூடாது என்பதற்காக. பென்சில் எழுத்துக்கு விளக்கை மேசை மட்டத்தில் ஒரு பக்கமாக வைத்துத் தனியாக ஒரு படம். இரும்பு அளவுகோல் இரண்டு, ஒன்று கிடையாக, ஒன்று நெடுக்காக, படத்துக்குள் விழும்படி வையுங்கள். கடையில் உள்ள உருளை ஸ்கேனரில் இதை விட வேண்டாம். உருளை இழுக்கும் வேகத்தில் நீளம் மாறிவிடும், துணி மாட்டிக்கொண்டால் போச்சு.

தட்டை ஸ்கேனர் கிடைத்தால் அங்குலத்துக்கு 400 புள்ளியில் எடுங்கள். இந்த அளவையில் ஒரு புள்ளி தரையில் கால் மீட்டர். 300 என்றால் மூன்றில் ஒரு மீட்டர். அதற்கு மேல் போவதால் கோப்பின் எடை கூடும், நிலத்தில் ஒன்றும் கூடாது.

ஆற்றங்கரை:
நன்றி ஐயா. நீலப்படி இல்லை. தட்டை ஸ்கேனரில் நான்கு துண்டாக எடுத்தோம், ஒவ்வொரு துண்டிலும் குறைந்தது நான்கு கூட்டல் குறிகள் வருகிறமாதிரி. அடுத்து இதைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்த வேண்டும்.

கட்டப்புள்ளி:
க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள், இலவசம். அதில் நிலப்பொருத்தி இருக்கிறது. இருபது இருபத்தைந்து புள்ளி எடுங்கள்: வரப்பு மூலை, ஓடை வளைவு, பாதைச் சந்திப்பு, எது தெரிகிறதோ அது. உருமாற்றத்தில் மெல்தகட்டு முறையைத் தேர்ந்தெடுங்கள். எல்லாப் புள்ளியும் அச்சாகப் போய் உட்காரும். தொங்வா 96 பாகைக்குக் கிழக்கே இருப்பதால் யூடிஎம் என்ற வரைபட மண்டல முறையில் 47 வடக்கு, மென்பொருளில் அதன் எண் 32647. பியாப்போன், பசீன் பக்கத்துக்காரர்கள் 46 போட வேண்டும். எண் தவறினால் படம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப் போய் விழும்.

சங்கிலிக்கை:
மண்டல எண் சரி. மெல்தகட்டு முறை இந்த வேலைக்குக் கூடவே கூடாது. கட்டப்புள்ளி தம்பி, எல்லாப் புள்ளியும் அச்சாக உட்காருவதுதான் அதில் உள்ள கெடுதல். ஓடை நகர்ந்திருந்தாலும் படத்தை வளைத்து இன்றைய ஓடையின் மேல் உட்கார வைத்துவிடும், பக்கத்து வரப்புகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு. எங்கே நிலம் மாறியது என்று கேட்டால் எங்கும் மாறவில்லை என்று சொல்லும். ஆற்றங்கரைத் தம்பி கேட்கும் கேள்வியே கிழக்கு எல்லை மாறியதா என்பது. அந்தக் கேள்வியை அழித்துவிட்டு அழகாகப் பொருத்தி என்ன செய்வது?

இந்தப் படம் எப்படி உருவானது என்று பாருங்கள். குவினின் சுற்றெல்லையைத் தியோடலைட் என்ற கோணமானியால் கோணமும் சங்கிலியால் தூரமும் எடுத்து முதலில் புள்ளிகளாகப் போட்டார்கள். அந்தப் புள்ளிகளுக்கு நடுவில் சங்கிலி இழுத்து, கோட்டில் இருந்து செங்குத்தாக விலகல் அளந்து வரப்புகளை நிரப்பினார்கள். ஆகவே வெளிச்சட்டம் கெட்டி. உள்வரப்பில் ஒன்றிரண்டு மீட்டர் பிசகு இருக்கலாம், ஆனால் படம் முழுவதும் ரப்பர் போல இழுபட வழியே இல்லை. தாள் சுருங்கியது ஒன்றுதான் முறையான பிழை, அதைத்தான் நாம் ஏற்கெனவே அளந்தாயிற்று.

அதனால் இரண்டு கட்டமாகச் செய்யுங்கள். முதல் கட்டத்தில் செயற்கைக்கோள் படமே வேண்டாம். கூட்டல் குறிகளுக்குக் கற்பனை ஆயத்தொலைவு கொடுங்கள்: 5 அங்குலம் 25 சங்கிலி, 502.92 மீட்டர். 0, 502.92, 1005.84 என்று இரு திசையிலும். அஃபைன் முறையில், அதாவது முதல்படிப் பல்லுறுப்பில், பொருத்துங்கள். தாளின் சுருக்கம் இதிலேயே நீங்கிவிடும். நான்கு துண்டுகளும் ஒரே சட்டத்துக்கு வந்து தாமாக ஒட்டிக்கொள்ளும். துண்டுகளை ஒட்டும் மென்பொருள் தேவையில்லை, அது ஓரங்களை வளைக்கும்.

இரண்டாம் கட்டம், ஹெல்மெர்ட். நகர்த்தல், சுழற்றல், ஒரே அளவில் பெருக்கல், அவ்வளவே. ஐந்தாறு புள்ளி போதும், ஆனால் குவினின் நான்கு பக்கமும் பரவியிருக்க வேண்டும். அளவு மாற்றம் 1க்கு மிக அருகில் வர வேண்டும். 1.01 என்று வந்தால் முதல் கட்டத்தில் ஏதோ தவறு.

புள்ளி தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் தரம், மூன்று குவின்கள் சந்திக்கும் இடம். படத்தின் ஓரத்தில் பக்கத்துக் குவின்களின் பெயர் எழுதியிருக்கும், பெயர் மாறும் இடம்தான் முச்சந்தி. அடுத்தது பகோடா, பழைய குளத்தின் மூலை, வண்டிப்பாதைச் சந்திப்பு. இரயில் பாதை ஓடும் குவின்களில் பாதையும் நல்லது. அது தேதியும் சொல்லும், பெகுவில் இருந்து மார்த்தபான் போகும் பாதை 1907இல் திறந்தது, அந்தப் பாதையைக் காட்டும் படம் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. ஊபைங் எல்லை வரப்பு இரண்டாம் தரம். ஊபைங்கிற்கு உள்ளே இருக்கும் சின்ன வரப்பு எதற்கும் ஆகாது, உழுகிறவர் வசதிக்கு நாலைந்து ஆண்டில் மாறிவிடும். ஓடைக்கரை, புதர், வீட்டு மனை, இவற்றைப் பொருத்துவதற்கு எடுக்கவே கூடாது. பொருத்திய பிறகு சோதிப்பதற்கு மட்டும் எடுங்கள்.

கட்டப்புள்ளி:
படம் கையால் வரைந்ததாயிற்றே, உள்ளூர்ப் பிழைகளைச் சரிசெய்ய மெல்தகடுதானே வழி என்ற எண்ணத்தில் சொன்னேன். கண்பார்வையில் வரைந்த பழைய பரபைக் படங்களுக்கு, மடிப்புத்தாளில் குளமும் மரமும் பகோடாவும் பக்கவாட்டில் படுத்தபடி வரைந்திருப்பார்களே, அவற்றுக்கு அது பொருந்தும்தானே?

சங்கிலிக்கை:
பரபைக்கில் அளவையே கிடையாது. அங்கே எது எதற்குப் பக்கத்தில் என்பதுதான் செய்தி. அதைப் பொருத்துவதை விட, பெயர்களைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றாகத் தேடுவது நல்லது. சங்கிலி போட்டு அளந்த படம் வேறு சாதி.

ஆற்றங்கரை:
சொன்னபடி செய்தாயிற்று அண்ணே. முதல் கட்டத்தில் எச்சம், அதாவது பொருத்திய பின் மிஞ்சும் விலகல், அரை மீட்டருக்குள். இரண்டாம் கட்டத்துக்கு இரண்டு முச்சந்தி, பகோடா, குளத்து மூலை, பாதைச் சந்திப்பு. அளவு மாற்றம் 1.001. எச்சங்கள் மீட்டரில்: 2.1, 1.8, 2.6, 1.4, 2.3. சோதனைக்கு வைத்த ஓடை வளைவு மட்டும் 31 மீட்டர். படத்தில் இருந்த இடத்துக்குக் கிழக்கே தள்ளிப் போயிருக்கிறது.

சங்கிலிக்கை:
அருமையான பொருத்தம். மற்ற ஐந்தும் மூன்று மீட்டருக்குள் இருக்கும்போது ஒன்று மட்டும் 31 என்றால் அது வரைந்தவரின் பிசகு இல்லை. படத்தில் அது கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர். மூன்று மாதம் வயலில் நின்று சங்கிலி இழுத்தவருக்கு 8 மில்லிமீட்டர் தவறாது. ஓடைதான் நகர்ந்திருக்கிறது. கடல் ஏற்றம் உள்ளே வரும் ஓடைகள் வளைவின் வெளிக்கரையை அரித்து, உள்கரையில் வண்டலைப் போட்டுக்கொண்டே போகும். நூறு ஆண்டில் 31 மீட்டர் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

நகர்வு எல்லை முழுவதும் ஒரே அளவா, இல்லை ஓரிடத்தில் மட்டுமா? கிழக்கு எல்லை எத்தனை சங்கிலி?

ஆற்றங்கரை:
ஒன்பது சங்கிலி. தெற்கு மூலையில் 31 மீட்டர், வடக்கே போகப் போகக் குறைந்து வடகிழக்கு மூலையில் பழைய கரையும் புதிய கரையும் ஒன்றாகிவிடுகின்றன.

சங்கிலிக்கை:
ஒன்பது சங்கிலி 181 மீட்டர். முக்கோணமாக எடுத்தால் 181ஐ 31ஆல் பெருக்கிப் பாதி, ஏறக்குறைய 2800 சதுர மீட்டர், 69 சென்ட். இது வரப்புக் கோட்டு ஐயமான பதினொரு சென்ட்டைப் போல ஆறு மடங்கு. ஆகவே இதை உண்மையான மாற்றம் என்று எழுதலாம். பழைய 47க்கும் இன்றைய ஓடைக்கும் நடுவில் ஒரு தாழ்ந்த வண்டல் துண்டு இருக்க வேண்டும், தெற்கே அகன்று வடக்கே கூர்ந்து. 1917 படம் அந்தத் துண்டைப் பற்றி ஒன்றுமே சொல்லாது, ஏனென்றால் அன்று அது தண்ணீர்.

மோல்மேன் தமிழச்சி:
சிவப்புக் கோட்டை மறந்துவிட்டோம். பொதுவாகச் சிவப்பு மை பிற்பாடு செய்த திருத்தம். ஆண்டுதோறும் அளவர் வந்து மாறுதலைப் படத்தில் ஏற்றுவார். ஆனால் திருத்தம் என்றால் எதைத் திருத்தியது என்று கேட்க வேண்டும். நிலம் இரண்டாகப் பிரிந்திருந்தால் கோட்டின் இரு பக்கமும் வேறு எண் வந்திருக்கும். பத்து மடங்கு லென்சில் சிவப்பு கறுப்பை வெட்டும் இடத்தைப் பாருங்கள். சிவப்பு மேலே ஓடினால் பிந்தியது. கோட்டின் இரு முனையும் எங்கே முடிகின்றன என்பதையும் சொல்லுங்கள் தம்பி.

ஆற்றங்கரை:
சிவப்பு மேலேதான் ஓடுகிறது அக்கா. புது எண் எதுவும் இல்லை. மேற்கு முனை குளத்துக் கரையில் தொடங்குகிறது. தென்கிழக்கு முனை பழைய ஓடைக்கரையில் முடிகிறது, அங்கே சின்னதாக ஒரு அம்புக்குறி. செயற்கைக்கோள் படத்தில் அதே தடத்தில் மெலிந்த கரும்பச்சைக் கீற்று தெரிகிறது.

மோல்மேன் தமிழச்சி:
அப்படியானால் வடிகால். குளத்து மிகைநீரை ஓடைக்கு விட்டது. பாகப்பிரிவினைக் கோட்டுக்கு அம்புக்குறி போட மாட்டார்கள். ஓடை கிழக்கே போன பிறகு வடிகாலின் வாய் வண்டலுக்குள் நின்றுவிட்டிருக்கும். மழையில் 47இன் தெற்குப் பக்கம் தண்ணீர் தேங்குகிறது என்றால் காரணம் அதுவாக இருக்கலாம். அம்புக்குறி இருக்கும் இடத்தில் இருந்து இன்றைய ஓடை வரை மண்மட்டம் பார்த்துவிடுங்கள்.

ஆற்றங்கரை:
தெற்குப் பக்கம் தேங்குவது உண்மை. இந்தப் படத்தைக் காட்டி வண்டல் துண்டையும் கோயில் நிலம் என்று கேட்க முடியுமா?

சங்கிலிக்கை:
படத்தை வைத்துக் கேட்க முடியாது. 1953 நிலத் தேசியமயச் சட்டத்துக்குப் பிறகு பழைய அடமானப் படங்களுக்கு உரிமைப் பத்திரத்தின் மதிப்பு இல்லை. 2008 அரசியலமைப்பின் 37ஆம் பிரிவு நிலமெல்லாம் அரசுக்கே இறுதி உரிமை என்கிறது. விளைநிலத்தில் இன்று பேசுவது 2012 விளைநிலச் சட்டப்படி தரும் 7ஆம் படிவம், பயன்பாட்டு உரிமைச் சான்று. உங்கள் படம் சொல்வது வடிகால் எங்கே ஓடியது, கரை எங்கே இருந்தது என்பதை. வடிகாலைத் திரும்ப வெட்ட அனுமதி கேட்கும்போது அதற்கு எடை உண்டு.

வட்ட நில அலுவலகத்தில் 105ஆம் படிவம் கேளுங்கள், இன்றைய குவின் படத்தின் நகலும் நில விவரமும் அதில் வரும். 1917இன் குவின் எண்ணை மட்டும் சொன்னால் கிடைக்காமல் போகலாம், இடையில் குவின்கள் பிரிந்து எண் மாறியிருக்கும். குவின் பெயரையும் பக்கத்துக் குவின்களின் பெயர்களையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். 47க்கு மட்டும் கேட்காமல் ஓடைக்கு அக்கரையில் உள்ள குவினின் நகலையும் கேளுங்கள். வண்டல் துண்டு அந்தக் குவினில் ஏறியிருக்கிறதா, உங்கள் குவினில் புது எண்ணாக வந்திருக்கிறதா, இல்லை எதிலும் ஏறாமல் கிடக்கிறதா என்பது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். நகல் எடுக்கும் கருவி சுருக்கியிருக்கும், அதனால் தலைப்பில் உள்ள 16 அங்குலத்தை நம்பாமல் அளவுகோல் கோட்டை முதலில் அளந்துவிட்டு இங்கே போடுங்கள்.